பனைவிளைக்கு வண்டி போகுமா?

முதல் நாள், புதன், பாளையங்கோட்டை

இந்தப் பயணத்தின் கணக்கெல்லாம் அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்குகிறது.

உவரிக்கும் பெரியதாழைக்கும் நடுவே கடலை ஒட்டி, அம்மாவின் சித்தப்பா வழியில் வந்த பனைவிளை ஒன்று இருக்கிறது. ஐம்பது பனை, ஒரு கிணறு, பதநீர் காய்ச்சும் விடிலி ஒன்று. வேலியைத் தாண்டினால் மணல்மேடு, அதைத் தாண்டினால் கடல். சிறுமியாக இருந்தபோது பதநீர்க் காலம் முழுவதும் அம்மா அங்கேயேதான் கிடப்பாளாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறைகூடப் போகவில்லை. வருகிற சனிக்கிழமை இரவு அங்கே கூடாரம் அடித்துத் தங்குவதென்று முடிவாகியிருக்கிறது. பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நான்கு பேர், தம்பியின் பொலிரோ ஒன்று. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து விளைக்கு 2 கி.மீ. மணலில் அம்மா இருநூறு அடி நடப்பாள். மீதியை வண்டிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே இன்று முழுவதும் ஃபோனும் கையுமாக ஒரே கேள்வி: வண்டி போகுமா?

திசையன்விளையில் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன், "தாராளமாகப் போகும்" என்றான். கடைசியாக நீ எப்போது போனாய் என்று கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதாம், சைக்கிளிலாம். வார இறுதிகளில் பைக்கில் ஊர் சுற்றும் தோழி ஒருத்தி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே என்றாள். அவள் அந்தப் பாதையைப் பார்த்ததே இல்லை. சாலைகளைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில், "அது எங்கள் பட்டியலில் இல்லை" என்று சொல்லி இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கேயும் அதே பதில், குரல் மட்டும் வேறு.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மாநில நெடுஞ்சாலைக்கு ஒரு துறை இருக்கிறது, ஊராட்சி ஒன்றியச் சாலைக்கு ஒரு பொறியாளர் இருக்கிறார். அதற்கும் கீழே இருப்பது வண்டிப்பாதை. கிராம வரைபடத்தில் புள்ளிக்கோடாக மட்டும் வாழ்கிற பிறவி. அதை யாரும் போடவில்லை, ஆகவே யாரும் பழுது பார்ப்பதும் இல்லை. மாடுகள் நடந்து உண்டானது, இப்போது டிராக்டர்கள் நடந்து கெடுகிறது.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிர்நிறக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது எப்போது எடுத்த படம்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தச் சீமையில் பெய்த மழைக்கு முன்பா பின்பா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. அந்த வெள்ளத்தில் எத்தனை பாதை அறுந்தது, எத்தனை ஓடை புது வழி பிடித்தது என்பதெல்லாம் கோட்டைப் பார்த்தால் தெரியாது. வெளிர்நிறக் கோடு கப்பியா, செம்மண்ணா, கடல் மணலா என்பதுகூடத் தெரியாது.

நாளை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று தம்பியிடம் சொன்னேன். "பாதையைப் பார்ப்பதற்கே ஒரு பயணமா அக்கா?" என்றான். ஆமாம்.

இரண்டாம் நாள், வியாழன், திசையன்விளை, இடையன்குடி, விளை

தம்பியின் பைக்கில் விடியற்காலையில் கிளம்பி, மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி வழியாகத் திசையன்விளை. வழியெல்லாம் குளங்களில் தண்ணீர் கிடந்தது. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பறவைகள் வந்திருக்கும் காலம். நிறுத்து என்று சொல்ல வாய்வரை வந்தது, நிறுத்தவில்லை.

திசையன்விளையில் முருங்கைக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவரைப் பிடித்தோம். இன்றைய நாளின் பெரிய லாபம் அவர்தான். விளையின் பெயரைச் சொல்லி, "வண்டி போகுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "எந்த வண்டி?" என்றார். சொன்னேன். "எத்தனை பேர்?" சொன்னேன். "எத்தனை மணிக்கு?"

இரண்டு நாளில் சரியான கேள்வி கேட்ட முதல் மனிதர். நேரம் எதற்கு என்று விளங்காமல் விழித்தேன். வாரம் மூன்று நாள் அந்தப் பக்கத்து விளைகளில் காய் ஏற்றுகிறவர் அவர். வெறும் வண்டியாகப் போய்ச் சுமையோடு திரும்புகிறவர். போகும்போது தெரியாத பள்ளமெல்லாம் திரும்பும்போது தெரியும் என்றார். காலை எட்டு மணிக்குள் செம்மணல் தேரியைக் கடந்துவிட வேண்டுமாம். இரவுப் பனியில் மேல்மண் இறுகிக் கிடக்கும், வெயில் ஏறினால் உதிர்ந்துவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பனி ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்கும் என்று இன்றுதான் கேட்டேன்.

"ஓடைக்குள் வலது சக்கரத்தை உயரத்தில் வையுங்கள். தேரியில் ஏறும்போது கியர் மாற்றாதீர்கள். மாற்றினால் நின்றுவிடும், நின்றால் புதையும்." அவ்வளவுதான். அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். எண் வாங்கிக்கொண்டேன்.

இடையன்குடியில் தேநீருக்கு நின்றோம். 1841-இல் தமிழ்நாட்டின் தென்கோடிக்கு நடந்தே வந்துசேர்ந்த கால்டுவெல், வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஊர். 1880-இல் திறக்கப்பட்ட அவருடைய தேவாலயம் தெருக்கோடியில் உயர்ந்து நிற்கிறது. அந்த ஊரின் நேரான தெருக்களை நூல் பிடித்து அமைத்தவரும் அவர்தான். காற்றடித்தால் இடம் மாறும் மணல் நாட்டில் நேர்கோடு போட்ட மனிதரின் பிடிவாதத்தை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் அதே பிடிவாதத்தில் விளைந்ததுதான்.

இனிப் பாதை. தார்ச்சாலையில் மைல்கல் ஒன்றின் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். நடந்தால்தான் கால் சொல்லும்.

முதல் 700 மீட்டர் செம்மண்ணும் சரளையும். எப்போதோ யாரோ கப்பி கொட்டியிருக்கிறார்கள். நடுவில் புல், இரண்டு பக்கமும் சக்கரத் தடம். குண்டும் குழியும்தான், ஆனால் பயமில்லை. அதன் பிறகு ஓடை. குளத்து மறுகால் தண்ணீர் வடிந்து போகும் ஓடை, கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. தரைப்பாலத்தின் இடது ஓரத்தை மழை கடித்துத் தின்றிருந்தது. யாரோ கருங்கல்லைப் போட்டு நிரப்பி, தெரிவதற்காக ஒரு கொம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, காலால் தடவித் தடவிப் பார்த்தேன். வலது பக்கம் காரை கெட்டி. ஆட்டோக்காரர் சொன்னது சரி.

ஓடையைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறியது. தேரி.

இதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். தட்டார்மடம், குதிரைமொழி என்று இந்தக் கரையோரத்தில் அங்கங்கே பரந்து கிடக்கும் செம்மணல் மேடு அது. மணலின் ஒவ்வொரு பருக்கையிலும் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று காற்றாலைகளைச் சுற்றிவிட்டு இங்கே வந்து இந்த மணலை வாரி வீசும். அப்போது பாதை ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இராது. மாசியில் காற்று ஓய்ந்திருக்கிறது, தடம் அப்படியே கிடக்கிறது. தேரியின் நீளம் அடி கணக்கில் 640 என்று தம்பி அளந்தான். நடுவில் ஓர் ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் தடம் மிகவும் ஆழம்.

அங்கேதான் விளையைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கும் பெரியவர் எதிரே வந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, தோளில் முருக்குத்தடி. பாளை சீவத் தொடங்கிப் பத்து நாள் ஆயிற்றாம். அம்மாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. பாதையைப் பற்றிக் கேட்டேன். முருக்குத்தடியைத் தோளிலிருந்து இறக்கிச் சக்கரத் தடத்தில் ஊன்றி அழுத்தினார். இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. தடத்துக்கு வெளியே ஊன்றினார், ஒரு சாண் போயிற்று. "தடத்தை விட்டு இறங்காதே அம்மா" என்றார். அப்போது மணி ஏழே முக்கால். திரும்பி வரும்போது பத்தே காலுக்கு ஒரு குச்சியை எடுத்து அதே தடத்தில் நானே ஊன்றிப் பார்த்தேன். நான்கு விரற்கடை. அந்த இரண்டு விரற்கடை வித்தியாசத்துக்காகத்தான் சனிக்கிழமை பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்பப் போகிறேன்.

தேரிக்கு அப்பால் வெள்ளை மணலும் உடைமரங்களும். குடை பிடித்தாற்போல் நிற்கும் மரம், விரல் நீளத்துக்கு வெள்ளை முள். பெரியவர் அவசரமாகப் பாதையை விட்டு விலகிக் காலைத் தூக்கிவைத்து நடந்த விதத்தைப் பார்த்தபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு முள் செருப்பைத் துளைத்து மேலே எட்டிப் பார்த்தன. விளையின் வாசலில் சக்கரம் பதிந்து இரண்டு பள்ளம், முழங்கால் ஆழம் இல்லை, கெட்டியான பள்ளம்தான். அதற்கு அப்பால் விடிலி. அதற்கு அப்பால் நீலம்.

உட்கார நேரமில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாம் நாள், வெள்ளி, பாளையங்கோட்டை

சாமான் கட்டும் நாள். இதை நீட்டி எழுத விருப்பமில்லை. மண்வெட்டி, இழுகயிறு, காற்று அளக்கும் கருவி, வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு, நாற்பது லிட்டர் தண்ணீர், அம்மாவின் முழங்கால் தைலம். கூடாரத்தின் ஆணிகள் மணலில் நிற்காது என்று தம்பி சொன்னான். சாக்கில் மணலை அள்ளிக் கட்டிப் புதைத்துக்கொள்ளலாம், சாக்கு பத்து.

கடல் எப்படி என்பதையும் பார்த்தேன். ஹைதராபாத்திலிருக்கும் கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை ஏதும் விட்டிருக்கிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்த்தேன், இல்லை. காற்றே இல்லாத நாளில் எங்கோ தென்கடலில் எழுந்த அலை சொல்லாமல் கொள்ளாமல் கரைமேல் ஏறும், அதற்குத்தான் அந்தப் பெயர். கூடாரம் மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டோக்காரரின் அழைப்பு. நான் கேட்காமலே வந்தது. தேரியில் ஒரு டிராக்டர் கலப்பையை இறக்கியபடியே போயிருக்கிறதாம், ஏற்றத்தில் தடத்தை உழுது போட்டுவிட்டதாம். "போகும். ஆனால் காற்றைக் குறைத்துக்கொண்டு போங்கள்." எவ்வளவு என்றேன். அவருடைய வண்டிக்கு அவர் அளவு சொன்னார், பொலிரோவுக்கு நீங்களே பாருங்கள் என்றார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத மனிதர்.

வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "கன்னியாகுமரியில் நல்ல விடுதி இருக்கிறது" என்றார். அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நான் நடந்தே போய்விடுவேன்" என்றாள். பேச்சு முடிந்தது.

நான்காம் நாள், சனி, விளை

விடிலியின் ஓரத்தில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சிக்னல் ஒரு கோடு, பனைமரத்தடியில் நின்றால் இரண்டு.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஆறரைக்கு மைல்கல். நெருஞ்சிப் பூவும் புல்லும் நனைந்து கிடந்தன. தம்பி நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கினான். வால்வின் நடு ஊசியைச் சாவி முனையால் அழுத்த, சீறிக்கொண்டு காற்று வந்தது. சிறியவன் அதில் முகத்தைக் கொடுத்துச் சிரித்தான். 32 பாயிண்ட் இருந்ததை 18-க்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளந்து, எழுந்து, விலகி நின்று பார்க்க வேண்டும். டயரின் அடிப்பக்கம் ஒட்டகத்தின் பாதம்போல் பரந்து தரையில் படிந்தது. காற்று குறைந்த டயரில் வேகம் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது, திருப்பினால் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் இறக்கி நடக்கவிட்டோம். அம்மா முன் இருக்கையில், நான் பின்னால்.

ஓடை எளிதில் கடந்தது. வலது சக்கரம் காரையின்மேல், இடது சக்கரம் கருங்கல்லை உரசியபடி. சிவப்புத் துணி கட்டிய கொம்பு கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

தேரி. இரண்டாவது கியர், ஒரே சீரான மிதி. உழுத இடம் வந்ததும் வண்டியின் முனகல் மாறியது. பின்பக்கம் இடமும் வலமுமாக நெளிந்தது. தம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை, குதிரையின் கடிவாளத்தை விட்டுப் பிடிப்பதுபோல் தளர்த்தியே வைத்திருந்தான். யாரும் மூச்சு விடவில்லை. ஏற்றத்தின் உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு மூக்கு கீழே சாய்ந்தது. அம்மா மட்டும், "இந்த இடத்தில் ஒரு நாவல் மரம் இருந்தது" என்றாள்.

உடைமரங்களையும் தாண்டி, விளையின் வாசலும் தெரிந்து, தம்பி என்னைப் பார்த்துத் திரும்பிச் சிரித்த நொடியில் வண்டி புதைந்தது.

வியாழக்கிழமை நான் பார்த்துவைத்த இரண்டு கெட்டிப் பள்ளங்களைக் காணோம். அம்மா வருகிறாள் என்று பெரியவர் நேற்று முழுவதும் கடற்கரை மணலைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து கொட்டி நிரப்பி, விளக்குமாற்றால் பெருக்கி, வாசலைக் கல்யாண வீட்டு முற்றம்போல் ஆக்கி வைத்திருந்தார். அந்தப் பஞ்சுமெத்தையில்தான் பின்சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை இறங்கின. இரண்டு நாள் விசாரணை, காலால் தடவிய ஓடை, விரற்கடைக் கணக்கு எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி முப்பது அடியில், எங்கள் சொந்த நிலத்தில்.

பெரியவர் ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "பள்ளத்தில் அம்மாவுக்குக் குலுங்குமே என்று..." மேலே அவரால் சொல்ல முடியவில்லை.

தம்பி மிதித்துப் பார்க்கவில்லை, அது அவன் புத்திசாலித்தனம். மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம்தான். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டினோம். வண்டியின் வயிறு மணலில் படிந்திருந்த இடத்தில் கையை விட்டுத் தோண்டினோம். இதற்கென்று விற்கும் இரும்புப் பலகைகளை வாங்கலாமா என்று போன வாரம் விலை பார்த்து மலைத்துப்போயிருந்தேன். இங்கே பெரியவர் விடிலிக்கு அடுப்பெரிக்க அடுக்கிவைத்திருந்த காவோலையையும் மட்டையையும் அள்ளிக்கொண்டு வந்தார். மட்டைகளைக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி, மேலே ஓலை. கருக்கு கீழே இருக்கும்படி ஒவ்வொன்றையும் அவரே திருப்பி வைத்தார். டயரைக் கருக்கு அறுத்துவிடுமாம்.

முதல் முறை மட்டைகள் பின்னால் பறந்தன. இரண்டாம் முறை ஓலை நொறுங்கும் ஓசை, பிறகு ஒரு துள்ளல், வண்டி விளைக்குள். மணி எட்டே கால்.

அம்மா அதற்குள் இறங்கி நடந்து விடிலிக்குப் போய்விட்டிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. கணக்குப்படி இருநூறு அடிக்குமேல் இருக்கும். பெரியவரின் மனைவி பட்டையில் ஊற்றிய பதநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

பிறகு நடந்தது கடற்கரைக்குப் போகிற எல்லாரும் எழுதுகிறதுதான். கிணற்றுத் தண்ணீர் கடலிலிருந்து இத்தனை அருகில் இத்தனை இனிப்பாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். அலை ஒதுக்கிய கரையில் கறுப்பும் கருஞ்சிவப்புமாகத் தாதுமணல் கோடு கோடாகப் படிந்திருந்தது, பிள்ளைகள் அதைக் கையில் அள்ளி வெயிலில் மினுக்கிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் இப்போது நிலவைப் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை இரண்டு இரவு தங்கலாம் என்கிறார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, திசையன்விளை

திரும்பும் வழி சுருக்கம். வாசலில் மட்டைகளை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தோம், அதன்மேலேயே ஓட்டி வெளியே வந்தோம். ஏழரைக்குள் தேரியைக் கடந்தாயிற்று. ஓடையில் தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருக்கிறது. சிவப்புத் துணிக் கொம்பு சாய்ந்து கிடந்தது, தம்பி இறங்கி ஆழமாக நட்டான். ஆட்டோக்காரருக்கு இந்த மூன்றையும் ஃபோனில் சொன்னேன், நாளை காய் ஏற்றப் போகிறாராம்.

தார்ச்சாலைக்கு வந்ததும் பேட்டரிப் பம்பு நான்கு சக்கரத்தில் ஒன்றை நிரப்பிவிட்டு மூச்சு வாங்கியது. ஊர்ந்து ஊர்ந்து திசையன்விளை பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தோம். கடைப் பையன் காற்றுப் பிடிப்பதற்கு முன் டயரைக் கையால் தடவிப் பார்த்து, "உடைமுள்" என்று சொல்லி இடுக்கியை எடுத்தான். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பலகையில் வரிசையாக வைத்தான். பதினான்கு. உள்ளே போனது இரண்டுதான், மற்றவை ரப்பரோடு நின்றுவிட்டன.

அம்மா வண்டிக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் திருப்பி, ஜன்னல் வழியாகப் பையனிடம் நீட்டினாள். அதில் ஐந்து.